தேசிய ஆற்றல் ஆய்வகங்களில் பொறியாளருக்கு என்ன வேலை?

வந்த கேள்வி இது: “இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். அமெரிக்க எரிசக்தித் துறையின் தேசிய ஆய்வகங்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறேன். அங்கே இயற்பியலாளர்கள் கண்டுபிடிப்பார்கள், பொறியாளர்கள் அவர்கள் கேட்ட கருவியைச் செய்து கொடுப்பார்கள், அவ்வளவுதானா? பல்கலைக்கழகங்களும் பெரிய நிறுவனங்களும் இருக்கும்போது அரசு எதற்காகத் தனியாக ஆய்வகங்களை வைத்திருக்கிறது?”

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை, அப்படி இல்லவே இல்லை. அந்த ஆய்வகங்களின் பெரிய வேலைகளில் எதை எடுத்தாலும், இயற்பியல் எதுவரை, பொறியியல் எங்கிருந்து என்று கோடு கிழிக்க முடியாது. பல வருடம் ஆட்டம் காட்டிய இயற்பியல் சிக்கலுக்கு விடை ஒரு குழாயின் விட்டத்திலோ ஓர் உலோகத்தின் மேல்தோலிலோ கிடைத்த கதைகள் அங்கே நிறைய. இரண்டாவது கேள்விக்கான பதிலும் அதிலிருந்துதான் வருகிறது. பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் இது மனதில் பதியாது என்பதால், மூன்று வேலைகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்துவிட்டு அங்கே வருகிறேன்.

பின்னணி சுருக்கமாக. எரிசக்தித் துறையின் கீழ் 17 தேசிய ஆய்வகங்கள் உள்ளன. துறை உருவானது 1977இல். ஆய்வகங்களில் பெரும்பாலானவை அதைவிட வயதில் மூத்தவை. லாஸ் அலமோஸும் ஓக் ரிட்ஜும் இரண்டாம் உலகப் போரின் அணுகுண்டுத் திட்டத்தில் பிறந்தவை. ஆர்கான் 1946இலும் புரூக்ஹேவன் 1947இலும் வந்தன. எல்லாவற்றுக்கும் முன்னோடி பெர்க்லி. 1931இல் எர்னஸ்ட் லாரன்ஸ் அங்கே தொடங்கிய ஆய்வகத்தில் இயற்பியலாளர், மின்பொறியாளர், வேதியியலாளர், மெக்கானிக் எல்லாரும் ஒரே இயந்திரத்தைச் சுற்றி நின்று வேலை செய்தார்கள். அணுத்துகள்களைச் சுழற்றி வேகப்படுத்தும் சைக்ளோட்ரான் என்ற அந்த இயந்திரம், உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஆரம்பித்துக் கட்டடத்தையே நிறைக்கும் அளவுக்கு வளர்ந்தது அந்த வேலைமுறையால்தான். மற்ற ஆய்வகங்களும் அதையே எடுத்துக்கொண்டன.

இப்போது முதல் உதாரணம். 2022 டிசம்பர் 5 அன்று லிவர்மோர் ஆய்வகத்தின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில், 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைக் கொடுத்து 3.15 மெகாஜூல் அணுக்கரு இணைவு ஆற்றலை, அதாவது லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேரும்போது வெளிவரும் ஆற்றலைப் பெற்றார்கள். இலக்குக்குள் போன லேசர் ஆற்றலைவிட வெளியே வந்தது அதிகம். ஆய்வகத்தில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. லேசரால் ஒரு சிறு எரிபொருள் உருண்டையை நசுக்கி இணைவைத் தொடங்கலாம் என்ற யோசனையை ஜான் நக்கோல்ஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்டது 1972இல். நடுவில் 50 வருடம்.

எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். 192 லேசர் கற்றைகள், சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள உலோக உருளைக்குள் இரண்டு முனைகளின் வழியாகவும் பாய்கின்றன. உருளையின் உட்சுவர் சூடேறி எக்ஸ் கதிர்களை வெளியிடுகிறது. உருளையின் நடுவில் சுமார் 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு காப்ஸ்யூல். அதன் உட்புறம் முழுக்க ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் கலந்து உறைந்த பனிப்படலம். எக்ஸ் கதிர்கள் காப்ஸ்யூலின் வெளித்தோலை ஆவியாக்கித் தெறிக்க வைக்க, அந்த உதையில் மீதமுள்ள பகுதி நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் உள்நோக்கி நசுங்குகிறது. மையத்தில் வெப்பநிலை பத்துக் கோடி டிகிரியைத் தாண்டி, இணைவு தொடங்கி, அதில் பிறக்கும் ஆல்ஃபா துகள்கள் (ஹீலியம் அணுக்கருக்கள்) சுற்றியுள்ள எரிபொருளையும் சூடாக்க வேண்டும். பற்றவைப்பு என்பது அதுதான்.

கட்டுமானம் 2009இல் முடிந்தது. 2012க்குள் பற்றவைப்பு நடந்துவிடும் என்று திட்டமிட்டிருந்தார்கள். கணினிக் கணக்குகளும் நடக்கும் என்றே சொல்லின. நடக்கவில்லை, கிடைத்த ஆற்றல் இலக்கிலிருந்து வெகு தூரத்தில் நின்றது. ஏன்? நசுங்கும் கோளம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நசுங்க வேண்டும். ஓர் இடத்தில் லேசாகக் குழி விழுந்தாலும் அந்தக் குழி ஆழமாகி, வெளித்தோலின் பொருள் எரிபொருளுக்குள் பீறிட்டு நுழைந்து அதைக் குளிர்வித்துவிடும். அந்தக் குழிகள் எங்கிருந்து வந்தன என்று தேடியபோது அகப்பட்டவை பெரிய இயற்பியல் மர்மங்கள் அல்ல. காப்ஸ்யூலை உருளையின் நடுவில் தாங்கிப் பிடிக்கும் மெல்லிய சவ்வு ஒரு காரணம். நானோமீட்டர் கணக்கில்தான் அதன் தடிமன். ஆனாலும் அது காப்ஸ்யூலைத் தொடும் இடத்தில் வடு விழுந்தது. எரிபொருளை உள்ளே நிரப்பும் நுண்குழாய் இன்னொரு காரணம். குழாய் நுழையும் துளை வழியாகத் தோலின் துகள்கள் மையத்துக்குப் பாய்ந்தன.

அடுத்த பத்து வருடம் பெரிய அளவில் இதனுடன்தான் போனது. பிளாஸ்டிக் காப்ஸ்யூலை விட்டுவிட்டு வைரத்தால் ஆன காப்ஸ்யூலுக்கு மாறினார்கள். உருளையில் நிரப்பும் வாயுவைக் குறைத்தார்கள். நிரப்பும் குழாயின் விட்டத்தை 10 மைக்ரானிலிருந்து (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 5 மைக்ரானுக்கும், பிறகு 2 மைக்ரானுக்கும் கொண்டுவந்தார்கள். 2021 ஆகஸ்ட் 8 அன்று 1.35 மெகாஜூல் கிடைத்தது. அதற்கு முந்தைய எதனோடும் ஒப்பிட முடியாத பாய்ச்சல். உடனே அதையே திரும்பச் செய்து பார்த்தார்கள். அதிகபட்சம் ஏறக்குறைய பாதிதான் தேறியது. வடிவமைப்பு அதேதான், லேசரும் அதேதான், காப்ஸ்யூல்தான் வேறு. வைரத் தோலுக்குள் இருந்த நுண்ணிய வெற்றிடங்களும் மேற்பரப்புக் குழிகளும் விளைச்சலைத் தின்றுவிட்டன. பிறகு தோலைச் சற்றுத் தடிமனாக்கி, லேசர் ஆற்றலைச் சுமார் 8 சதவீதம் கூட்டி, குறைகளை ஓரளவு தாங்கக்கூடிய வடிவமைப்பாக மாற்றினார்கள். 2022இல் வென்றது அந்த வடிவமைப்பு. 2023 ஜூலையில் அதே வழியில் 3.88 மெகாஜூல் வரை போனார்கள்.

இதில் இயற்பியலாளர் யார், பொறியாளர் யார்? 2 மைக்ரான் குழாயை ஒட்டிய கை, காப்ஸ்யூலை எக்ஸ் கதிரில் அடுக்கடுக்காகப் படம் பிடித்துக் குறைகளை எண்ணிய கண், நிலைகுலைவைக் கணக்கிட்ட மூளை, இவற்றில் எதை எடுத்துவிட்டாலும் டிசம்பர் 5 இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறு. அந்த 2.05 மெகாஜூல் லேசரை உருவாக்க மின்கட்டமைப்பிலிருந்து சுமார் 300 மெகாஜூல் எடுத்தார்கள். எனவே “இணைவு மின்சாரம் வந்துவிட்டது” என்ற செய்திகளை நம்ப வேண்டாம். அந்த மையத்தின் முதன்மை நோக்கமும் மின்சாரம் அல்ல; அணு ஆயுதங்களை வெடித்துப் பார்க்காமலே அவற்றின் நிலையைப் புரிந்துகொள்வது. இதை மறைத்துப் பேசுவது ஆய்வகத்துக்கும் நல்லதல்ல, படிக்கும் உங்களுக்கும் நல்லதல்ல.

இரண்டாவது உதாரணம் உங்கள் துறைக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது: துகள் முடுக்கி, அதாவது அணுத்துகள்களை மிக வேகமாக ஓட்டும் இயந்திரம். கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் 3 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள நேர்கோட்டு முடுக்கி 1966லிருந்து இயங்குகிறது. புரோட்டானுக்குள் குவார்க்குகள் என்ற இன்னும் சிறிய துகள்கள் இருப்பதற்கான முதல் சான்று 1960களின் இறுதியில் அங்கேதான் கிடைத்தது. 2009இல் அதன் ஒரு பகுதியை எக்ஸ் கதிர் லேசராக மாற்றினார்கள்; நொடிக்கு 120 துடிப்புகள். அதைப் பத்து லட்சமாக உயர்த்த வேண்டும் என்பது அடுத்த திட்டம். செம்பு முடுக்கியால் அது முடியாது, சூட்டில் உருகிவிடும். மீக்கடத்து நிலையில் (கடுங்குளிரில் மின்தடை மறையும் நிலை) இயங்கும் கேவிட்டிகள், அதாவது நியோபியம் உலோகத்தால் ஆன உள்ளீடற்ற அறைகள் தேவை.

ஒரு கேவிட்டி சுமார் ஒரு மீட்டர் நீளம், ஒன்பது மணிகளைக் கோத்த மாதிரி வடிவம். திரவ ஹீலியத்துக்குள், 2 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 271 டிகிரி செல்சியஸில் அமர்ந்திருக்கும். உள்ளே 1.3 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை முன்னும் பின்னும் அதிர, அந்த அலை எலெக்ட்ரானைத் தள்ளிவிடும். மீக்கடத்தி என்றாலும் இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் துளி இழப்பு இருக்கவே செய்யும். அந்த இழப்பு வெப்பமாகி ஹீலியத்தில் இறங்கும். 2 கெல்வினில் சேரும் ஒரு வாட் வெப்பத்தை வெளியேற்ற, வெளியே குளிர்விப்பு இயந்திரம் பல நூறு வாட் மின்சாரம் சாப்பிடும். அதனால் கேவிட்டியின் இழப்பைப் பாதியாக்கினால் குளிர்விப்பு நிலையத்தின் அளவே மாறிவிடும்.

இன்னொரு தேசிய ஆய்வகமான ஃபெர்மி ஆய்வகத்தில் ஆனா கிராசெலினோவின் குழு இதில்தான் ஒரு வழியைக் கண்டுபிடித்தது. 2013இல் கட்டுரையாக வந்தது. நியோபியத்தின்மேல் நியோபியம் நைட்ரைடு படலத்தை வளர்க்கலாம் என்று, சுமார் 800 டிகிரி உலையில் கொஞ்சம் நைட்ரஜனைச் செலுத்திப் பார்த்தார்கள். வந்த மேற்பரப்பு மோசம், இழப்பு மிக அதிகம். அதோடு விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். மேல்தோலில் சில மைக்ரான்களை மின்வேதி முறையில் அரித்து எடுத்துவிட்டு மறுபடி அளந்தபோது, இழப்பு வழக்கமான நியோபியத்தைவிடப் பல மடங்கு குறைந்திருந்தது. நைட்ரைடு போய்விட்டது, உலோகத்துக்குள் ஊடுருவிய துளி நைட்ரஜன் மட்டும் தங்கி நல்லது செய்திருக்கிறது. அது ஏன் அப்படி வேலை செய்கிறது என்ற முழு விளக்கம் வருவதற்கு முன்பே, எத்தனை நிமிடம் நைட்ரஜன், எத்தனை மைக்ரான் அரிப்பு என்ற செய்முறை தயாராகி, தொழிற்சாலைக்குப் போய், நூற்றுக்கணக்கான கேவிட்டிகளில் ஏறிவிட்டது. எனக்கு இந்த ஆய்வகங்களில் பிடித்த குணமே இதுதான். விளக்கம் வரட்டும் என்று செய்முறை காத்திருக்கவில்லை. செய்முறை கிடைத்துவிட்டது என்று விளக்கத்தைத் தேடுவதையும் கைவிடவில்லை.

அப்புறம் ஒரு புதுத் தலைவலி வந்தது. இழப்பு குறையக் குறையக் கேவிட்டி ஒத்ததிரும் அதிர்வெண் எல்லை மிகக் குறுகலாகிவிடும். 1.3 கிகாஹெர்ட்ஸில் 10 ஹெர்ட்ஸ் அளவுக்குள் அது நிலைத்து நிற்க வேண்டும். கேவிட்டிச் சுவர் சில பத்து நானோமீட்டர் அசைந்தாலே அந்த எல்லை தாண்டிவிடும். கேவிட்டிகளைக் கடுங்குளிரில் அடக்கி வைக்கும் நீண்ட பெட்டியான கிரையோமாட்யூலில் முதலாவதைச் சோதித்தபோது அதிர்வு அனுமதித்த அளவைவிட மிக அதிகமாக இருந்தது. துப்புத் துலக்கிப் போனால், குற்றவாளி ஹீலியம் வால்வு. அதன் ஒரு முனை அறை வெப்பநிலையில், மறுமுனை கடுங்குளிரில். அப்படிப்பட்ட ஒடுக்கமான குழாயில் அடைபட்ட வாயு தானாகவே ஊசலாட ஆரம்பிக்கும். வெப்ப-ஒலி ஊசலாட்டம் என்பார்கள். வால்வுக்கு ஹீலியம் வரும் வழியை மாற்றி, வாயு ஊசலாடும் இடைவெளிகளை அடைத்துச் சரிசெய்தார்கள். 37 கிரையோமாட்யூல்களோடு அந்த முடுக்கி 2023 செப்டம்பரில் முதல் எக்ஸ் கதிரைக் கொடுத்தது.

நீங்கள் இயந்திரப் பொறியியல் மாணவர் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: அந்த வால்வுச் சிக்கலைப் பிடிக்கக் குவாண்டம் புலக்கோட்பாடு தேவைப்படவில்லை. அதிர்வியல், வெப்பப் பரிமாற்றம், பாய்ம இயக்கவியல், இவை உங்கள் பாடத்திட்டம்.

மூன்றாவது உதாரணம் அணு உலை. எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு. ஐடஹோவில் ஆர்கான் ஆய்வகம் கட்டிய முதல் சோதனை ஈனுலை (ஓடும்போதே புதிய எரிபொருளையும் உண்டாக்கும் உலை), 1951 டிசம்பர் 20 அன்று நான்கு மின்விளக்குகளை எரிய வைத்தது; அணு ஆற்றலிலிருந்து பயனுள்ள மின்சாரம் கிடைத்த முதல் நாள் அது. அதன் வாரிசு இரண்டாம் சோதனை ஈனுலை, வெப்பத்திறன் 62.5 மெகாவாட். 1986 ஏப்ரல் 3 அன்று அதில் ஒரு சோதனை செய்தார்கள். உலை முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தபோது, தானாக அணையும் அமைப்பை வேண்டுமென்றே விலக்கி வைத்துவிட்டு, குளிர்விக்கும் சோடியத்தைச் சுற்றவைக்கும் பம்புகளின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். யாரும் எதையும் தொடவில்லை. வெப்பநிலை கிடுகிடுவென்று ஏறியது. சில நிமிடங்களில் தானே இறங்க ஆரம்பித்தது. உலையின் திறன் தானாகவே விழுந்துவிட்டது. அதே நாள் பிற்பகலில், உலையிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும் வழியையும் துண்டித்து இரண்டாவது சோதனை. மறுபடியும் தானே அடங்கியது. எரிபொருளுக்குச் சேதமில்லை.

காரணத்தைப் பாருங்கள். வெப்பநிலை ஏறினால் சோடியம் விரிகிறது, எரிபொருளும் அதைத் தாங்கும் எஃகுக் கட்டமைப்பும் விரிகின்றன. மையப்பகுதி லேசாகப் பருக்கும்போது நியூட்ரான்கள் வெளியே கசியும் வாய்ப்பு கூடுகிறது, தொடர்வினை தளர்கிறது. எரிபொருள் ஆக்சைடு அல்ல, உலோகம். வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் உள்ளுக்குள் அதிகச் சூட்டைத் தேக்கி வைப்பதில்லை. மையப்பகுதி முழுக்க ஒரு பெரிய சோடியத் தொட்டிக்குள் மூழ்கியிருப்பதால், பம்பு நின்றாலும் சூடான சோடியம் மேலே போக, குளிர்ந்தது கீழே வர, ஓட்டம் தொடர்கிறது. வெப்ப விரிவும் வெப்பச் சலனமும். முதலாண்டுப் பாடம். அவற்றை ஓர் உலையின் பாதுகாப்பாக மாற்ற, அந்த எஃகு எவ்வளவு விரியும், எந்தப் பக்கம் வளையும் என்பதை நம்பிக்கையோடு சொல்லத் தெரிய வேண்டும். அந்த நம்பிக்கைக்கு, 1960களின் நடுவிலிருந்து அந்த உலையை ஓட்டிச் சேர்த்த இருபது வருட அளவீடுகள் பின்னால் இருந்தன. சோதனை நடந்து மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 26 அன்று, செர்னோபில் வெடித்தது. உலகம் அதைப் பேசியது நியாயம்தான். ஆனால் ஏப்ரல் 3ஐப் பற்றி அணுசக்தித் துறைக்கு வெளியே இன்றும் பலருக்குத் தெரியாது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. 1994இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தத் திட்டத்துக்கான பணத்தை நிறுத்தியது, உலையும் மூடப்பட்டது.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஏன் பல்கலைக்கழகம் இதைச் செய்ய முடியாது? அறிவு இல்லாமல் இல்லை, காலம் இல்லை. ஒரு முனைவர் பட்ட மாணவர் ஐந்தாறு வருடம் இருப்பார். 2 மைக்ரான் குழாயை ஒட்டும் கைப்பழக்கமும் கேவிட்டியை அரிக்கும் பக்குவமும் ஆளோடு வாழ்பவை. அந்த ஆள் இருபது முப்பது வருடம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நிறுவனங்களுக்கு ஆளும் பணமும் உண்டு. ஆனால் 1972இல் போட்ட முதலுக்கு 2022இல் வரும் பலனை, அதுவும் விற்க முடியாத பலனை, எந்த முதலீட்டாளரும் காத்திருந்து வாங்க மாட்டார். இந்த இடைவெளியில்தான் ஆய்வகங்கள் நிற்கின்றன. பலன் சில சமயம் யாரும் எதிர்பாராத பக்கத்தில் வரும். 1960களின் தொடக்கத்தில் சாண்டியா ஆய்வகத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட், வடிகட்டிய காற்றைச் சுழலவிடாமல் ஒரே சீராக ஓடவைத்துத் தூசியை வெளியேற்றும் தூய அறையை வடிவமைத்தார். அது ஆயுத உதிரிபாகங்களுக்காகப் பிறந்தது. இன்று அந்த வகை அறை இல்லாமல் சிப் தொழிற்சாலை கிடையாது.

இன்னொரு காரணம், பொதுப் பயன்பாடு. எக்ஸ் கதிர்களைத் தரும் ஆர்கானின் இயந்திரம், நியூட்ரான்களைத் தரும் ஓக் ரிட்ஜின் இயந்திரம் போன்றவை ஆய்வகத்துக்காரர்களுக்கு மட்டுமானவை அல்ல. யார் வேண்டுமானாலும் ஆய்வு முன்மொழிவு அனுப்பலாம். நிபுணர்கள் மதிப்பிட்டு நேரம் ஒதுக்குவார்கள். முடிவுகளை வெளியிடுவதாக இருந்தால் இயந்திர நேரத்துக்குக் கட்டணம் இல்லை. ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் முழுச் செலவையும் கட்ட வேண்டும். மருந்து நிறுவனங்கள் அப்படி வருகின்றன. கோவிட் மருந்தான பேக்ஸ்லோவிட்டின் உருவாக்கத்திலும் ஆர்கானின் எக்ஸ் கதிர்களுக்குப் பங்கு உண்டு.

குறைகளும் இருக்கின்றன. காகித வேலை அதிகம், முடிவுகள் மெதுவாக வரும், பணம் ஒவ்வொரு வருடமும் காங்கிரஸ் கையில். டெக்சாஸில் மாபெரும் முடுக்கிக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தபோதே, சுமார் 200 கோடி டாலர் செலவான பிறகு, 1993இல் திட்டம் ரத்தானது. வாழ்க்கையின் பத்து வருடத்தை அதற்குக் கொடுத்தவர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். நீண்ட காலத் திட்டத்தில் சேருபவர் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் அங்கே போக நினைத்தால் நடைமுறையில் சில விஷயங்கள். 17இல் 16 ஆய்வகங்களை அரசுக்காக வேறு அமைப்புகள் ஒப்பந்தத்தில் நடத்துகின்றன. பெர்க்லியைக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் நடத்துவதுபோல. எனவே ஊழியர்களில் பெரும்பாலோர் அரசு ஊழியர்கள் அல்லர். லிவர்மோர், லாஸ் அலமோஸ், சாண்டியா மூன்றும் ஆயுத ஆய்வகங்கள். அங்கே பல பணிகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். ஃபெர்மி, ஆர்கான், புரூக்ஹேவன், பெர்க்லி போன்றவற்றில் வெளிநாட்டவர் நிறையப் பேர் உண்டு, அனுமதிப் பரிசீலனை நேரம் எடுக்கும். அமெரிக்கா போகாமலே அந்த வேலையில் இறங்கவும் வழி இருக்கிறது: ஃபெர்மி ஆய்வகம் கட்டிவரும் பிப்-டூ என்ற மீக்கடத்து முடுக்கியில் இந்திய அணுசக்தித் துறையின் ஆய்வகங்களும் பங்காளிகள்.

இயற்பியலுக்கு மாறலாமா என்று யோசிப்பதாக இருந்தால், அவசரப்படாதீர்கள். கடுங்குளிர் பொறியியல், வெற்றிடத் தொழில்நுட்பம், துல்லிய அளவியல், அதிர்வியல், இந்த நான்கில் ஒன்றில் ஆழமாக இறங்கியவர்களை ஆய்வகங்கள் தேடிக்கொண்டே இருக்கின்றன. கூடவே, நீங்கள் வேலை செய்யப்போகும் இயந்திரத்தின் இயற்பியலை இயற்பியலாளரிடம் விவாதிக்கும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். “எனக்கு இத்தனை மைக்ரான் துல்லியம் வேண்டும்” என்று அவர் கேட்டால், “எதற்கு அத்தனை? எந்தத் திசையில்? எவ்வளவு நேரத்துக்கு?” என்று திருப்பிக் கேட்கும் பொறியாளர்தான் அங்கே மதிக்கப்படுகிறார். பாதி நேரம் அந்தக் கேள்வியிலேயே வடிவமைப்பு மாறிவிடும்.

படிக்க ஆரம்பிக்க நல்ல இடம், எரிசக்தித் துறையின் ஓஸ்டி இணையதளம். ஆய்வகங்களின் தொழில்நுட்ப அறிக்கைகள் அங்கே இலவசம். பாடப்புத்தகம் மாதிரி மெருகேற்றப்படாதவை. எது உடைந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், என்ன மாற்றினார்கள் என்று எழுதியிருக்கும். ஸ்லாக் திட்டத்தின் கிரையோமாட்யூல்களில் அதிர்வைக் குறைத்த வேலை பற்றி ஃபெர்மி ஆய்வகத்தார் எழுதிய அறிக்கைகளிலிருந்து தொடங்கலாம். வரைபடங்களைப் பார்த்து, எந்த மாற்றம் எந்த அதிர்வைக் குறைத்தது என்று உங்கள் கையால் ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால், அதே குழு அதற்கு முன்பும் பின்பும் எழுதியவற்றை எடுங்கள்.